வளைவுக்குக் கீழே இரண்டு பேர்

எங்கள் தெருவில் துணித் தோரணம் என்ற கூத்தைக் கொண்டுவந்தவள் ஃபென்னா. ஹார்லம் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்து என் வலது பக்கத்து வீட்டை வாங்கியவள். முப்பத்து நாலு வயது. வீட்டிலிருந்தபடியே வேலை. அது என்ன வேலை என்று மூன்று தடவை கேட்டும் எனக்குப் புரியவில்லை. அவள் வீட்டுக்குள் எல்லாமே கோதுமை மாவு நிறம். சோபா அந்த நிறம், திரை அந்த நிறம், நாய்கூட அந்த நிறம்தான். இப்படி ஒருத்திக்கு அலங்காரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் நினைத்ததில் தப்பில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு தம்பதிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமானால் அண்டை வீட்டார் சேர்ந்து அவர்கள் வாசலில் வளைவு கட்ட வேண்டும். நாற்பது ஆனாலும் அப்படித்தான். மரச்சட்டம் எதிர்வீட்டு யோப்பின் கொட்டகையில் கிடக்கிறது. அதன்மேல் ஊசியிலைக் கிளைகள், கிளைகள்மேல் காகித ரோஜாக்கள், உச்சியில் எண் எழுதிய பலகை. தம்பதி ஒன்றுமே தெரியாதவர்கள்போல உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே ஆணி அடிக்கும் சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்கும், இவர்களுக்கு மட்டும் கேட்காது. வாசல் மணி அடித்ததும் திடுக்கிட்டாற்போலக் கதவைத் திறந்து, வளைவுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இந்தத் திடுக்கிடலை ஒழுங்காகச் செய்தவர்கள் இந்தத் தெருவில் ஒருவருமில்லை.

பத்தொன்பது வருஷமாக இதை நடத்தி வந்தது நான். டீனி என்று கேட்டால் தெருவில் யாரும் சொல்வார்கள், சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்கள். ரோஜா மடிப்பது என் சாப்பாட்டு மேசையில்தான். கோணலாக மடித்தால் பிரித்துப் போட்டுத் திரும்ப மடிக்க வைப்பேன். காபிக்கு ஒரு பிஸ்கட், பிறகு டப்பாவை மூடிவிடுவேன். அழகான வேலை நடக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி கெட்டவளாக இருந்துதான் ஆக வேண்டும்.

போன மே மாதம் எதிர்வீட்டு டோஸுக்கும் யோப்புக்கும் நாற்பதாவது வருஷம். என் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஃபென்னா வாயைத் திறந்தாள்.

"துணியில பண்ணலாமே? ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் பழைய துணி கொண்டு வருவோம். விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையா எடுத்து, நடுநடுவுல ரிப்பன் வச்சு, கயித்துல முடிஞ்சுட்டே போனா அடர்த்தியா தொங்கும். எல்லா வீடும் அதுல இருக்கும். அடுத்த தடவைக்கும் வச்சுக்கலாம்."

"கிழிஞ்ச துணியக் கயித்துல தொங்கவிட்டா எங்க ஊர்ல அதுக்குத் துணி காயப்போடுறதுன்னு பேரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஃபென்னாவும் சிரித்தாள், கழுத்து மட்டும் சிவந்தது. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. வழக்கமாக ரோஜாக்களை உருகிய மெழுகில் முக்கி எடுப்போம், மழைக்குத் தாங்க. அந்த வருஷம் நானே, "மே மாசத்துல என்ன மழை, மெழுகு வேணாம்" என்று சொல்லிவிட்டேன். மழை பதினொரு மணிக்கு வந்தது. டோஸும் யோப்பும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது ரோஜாச் சாயம் கரைந்து டோஸின் புது வெள்ளைக் கோட்டில் ஒழுகியது. யோப்பின் வழுக்கைத் தலையில் சிவப்பாக ஓடை ஓடியது. யாரோ மண்டையில் அடித்த மாதிரி இருந்தார் மனுஷன். போட்டோவில் இப்போதும் அப்படித்தான் இருக்கிறார்.

"காகிதம் மட்டமான காகிதம்" என்றேன்.

"பாவம், அதுக்கு வாய் இல்ல. அதான் நீ பேசுற" என்றாள் தெருக்கோடி வீட்டு வில்லெமீன்.

அன்றே தீர்மானமாகிவிட்டது, அடுத்த வளைவு துணித் தோரணம்தான் என்று. அடுத்த வளைவு யாருடையது? என்னுடையது. செப்டம்பர் பதினாலு, எனக்கும் பெரென்டுக்கும் இருபத்தைந்து. முதல் அண்டை வீடு எதுவோ அதுதான் முன்னின்று நடத்த வேண்டும் என்பது முறை. என் வளைவை நானே நடத்த முடியாது; வலது பக்கத்து வீடுதான் முதல் அண்டை வீடு, அதாவது ஃபென்னா. என் வாசலில் கந்தல் தொங்கப்போகிறது என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கவலை எவ்வளவு சொகுசான கவலை என்று ஜூலையில்தான் தெரிந்தது.

ஜூலையில் பெரென்ட் வீட்டை விட்டுப் போய்விட்டான். வெந்நீர்க் குழாய் பொருத்துகிறவன், அதிகம் பேசாதவன். சட்டைகளை ஹேங்கரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் காரில் வைத்தான். மடித்தது சரியில்லை என்று சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இருபத்தஞ்சு வருஷம், டீனி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் செஞ்சத நல்லா இருக்குன்னு நீ சொன்னதில்ல. உன் பக்கத்துல எனக்கு மூச்சு முட்டுது."

"போறதுதான் போற, குப்பைத் தொட்டிய வெளிய வச்சுட்டுப் போ" என்றேன்.

வைத்துவிட்டுத்தான் போனான். அன்றைக்குக் காகிதக் குப்பைத் தொட்டி வைக்க வேண்டிய நாள், அவன் வைத்தது தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டி. அவன் கார் திருப்பத்தில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு அழுதேன், அது வேறு.

தெருவில் கேட்டவர்களுக்கு ஜெர்மனியில் வேலை என்று சொன்னேன். பெரிய கட்டடம், நூற்றுக்கணக்கில் குழாய், மாசக்கணக்கில் ஆகும் என்றேன். உண்மையில் அவன் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, தம்பி வீட்டுத் தோட்டத்தில் ஒரு கேரவனில் இருந்தான். உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் வில்லெமீன். இல்லை, அவள் இல்லை, நான்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வில்லெமீனுக்கு இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. முந்நூறு ரோஜா மடித்து, மெழுகில் முக்கி, என் மேசையில் தயாராக இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் அவள் புருஷன் ஹாரி இன்னொருத்தியோடு போய்விட்டான். என்ன செய்வது என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டோஸ் மட்டும், "இருந்தாலும் கட்டலாமே, பாவம்" என்றாள். அதற்கு நான் சொன்னேன்: "வளைவுக்குக் கீழ ரெண்டு பேர் நிக்கணும். ஒருத்தி மட்டும் நின்னா அது வளைவு இல்ல, பஸ் ஸ்டாப்."

அன்றைக்கு அது எனக்கு நல்ல நகைச்சுவையாகத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் வில்லெமீன் காதுக்குப் போய்விட்டது. ரோஜாக்கள் வீணாகக் கூடாது என்று அடுத்த மாதம் வேறு ஒரு ஜோடிக்கு அவற்றையே வைத்துக் கட்டினோம். வில்லெமீன் அதற்கும் வந்து கிளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது பெரென்ட் போன செய்தி வெளியே வந்தால் அந்தப் பஸ் ஸ்டாப்பில் நிற்கப்போவது நான். தெரு முழுக்க அந்த வார்த்தையை எடுத்து என்மேலேயே போடும், போட வேண்டியதுதான், நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

தேதியை மறைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் நாட்டில் விசேஷ நாட்களின் காலண்டர் கழிவறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தொங்கும். ஒவ்வொரு வீட்டுக் காலண்டரிலும் என் கல்யாண நாளை எழுதி வைத்தது நானேதான். விருந்துக்குப் போகும்போதெல்லாம் கைப்பையில் பேனாவோடு போவேன். ஃபென்னா குடிவந்த வாரமே அவள் வீட்டிலும் எழுதிவிட்டு வந்தேன்: 'செப்டம்பர் 14, டீனி, பெரென்ட், 25, வளைவு!' அடியில் இரண்டு கோடு வேறு. தெருவில் பதினாலு வீட்டிலும் மனிதர்கள் தினமும் உட்கார்ந்து என் கல்யாண நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஃபென்னா மணி அடித்தாள்.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுதான். ஆனா துணி வேணுமே. உங்களோட பழைய உடுப்பு ஒண்ணு, பெரென்டோட பழைய சட்டை ஒண்ணு. நடுவுல வைக்க."

"அவன் சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. தொட்டாலே உன் வீட்டுச் சோபா மயக்கம் போட்டுரும்."

"பரவாயில்ல. அழுக்கா இருந்தாலும் அவரோடதா இருக்கணும், அதான் அழகு. ஜெர்மனி எப்படி இருக்காம்?"

"நீளமா இருக்காம்" என்று கதவைச் சாத்தினேன்.

அலமாரியில் அவன் பக்கம் ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. ஒரு கைக்குட்டைகூட விட்டு வைக்கவில்லை. அவனுக்குப் போன் பண்ணி ஒரு சட்டை கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பான், சொன்னால் சிரிப்பான், சிரிக்காவிட்டால் அதைவிட மோசம். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் பழைய சாமான் கடைக்குப் போனேன். நீலக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்று, பெரென்டின் அளவு. கொஞ்சம் தேய்ந்து, நிஜமாகவே ஒருவன் உடம்பில் பல வருஷம் கிடந்தது மாதிரி இருந்தது. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஃபென்னாவிடம் முழுச் சட்டையாகக் கொடுத்தால் கழுத்துப்பட்டை, அளவு எல்லாம் பார்ப்பார்கள். அதனால் நானே சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். பட்டை எடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கத்தரியால் கடைசிவரை வெட்டிக்கொண்டு போனால் கோணும். ஓரத்தில் ஒரு நறுக்கு மட்டும் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தால் நூலோடு நேராக வரும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதுகைக் கிழித்தேன், கையைக் கிழித்தேன், பையைப் பிய்த்தேன். என்னுடைய பச்சைப் பூப்போட்ட ரவிக்கையையும் கிழித்து நடுவில் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் அறுபத்து நாலு பட்டை, பத்துப் பத்தாக ரிப்பன் போட்டுக் கட்டி வைத்தேன். மணிக்கட்டுப் பட்டி கெட்டித் துணி, கிழியவில்லை. அதை அப்படியே முழுசாக உள்ளே போட்டு, மூட்டையை ஃபென்னாவிடம் கொடுத்தேன். கந்தலில் கந்தல், யார் பார்க்கப் போகிறார்கள்?

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் வில்லெமீன் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்த மணிக்கட்டுப் பட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது பெரென்டோட சட்டையா?"

"வேற யாரோடது?"

"உள்பக்கம் பாரு."

உள்பக்கம் மையில் எழுதியிருந்தது: 'யோப்'. யோப் ஆண்கள் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். இருபத்திரண்டு கிழவர்கள், இருபத்திரண்டு நீலக் கட்டச் சட்டைகள், எல்லாரும் ஒரே அறையில் உடை மாற்றுவதால் ஒவ்வொருவன் மனைவியும் பட்டியில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் அந்தச் சட்டைகளை மேடையில் பார்த்து, திரைத்துணி மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணியவள் நான். அதையே தேடிப் போய் வாங்கி வந்திருக்கிறேன். யோப்புக்குத் தொப்பை விழுந்து புதுசு தைத்ததும் டோஸ் பழசைப் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டாளாம்.

"டோஸ் முடிச்சுப் போட எடுத்தா, படிச்சா, அப்புறம் அரை மணி நேரம் சிரிச்சா. ஃபென்னா தண்ணி கொடுக்க வேண்டியதாப் போச்சு" என்றாள் வில்லெமீன். "பெரென்ட் ஜெர்மனியிலேர்ந்து எப்ப வர்றான்?"

"வேலை முடிஞ்சா வருவான்."

"சனிக்கிழமை மீன் வண்டிகிட்ட நின்னு ஹெரிங் தின்னுட்டு இருந்தான். ஜெர்மனியில மீன் கிடைக்கலபோல."

நான் காபிக் குடுவையைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஜூலையிலேர்ந்து. தெருவுக்கே தெரியும். நீ எப்ப சொல்லுவேன்னு பார்த்துட்டு இருந்தோம்."

இரண்டு மாதமாக ஒவ்வொருத்தியும் என்னை நிறுத்தி ஜெர்மனியில் மழையா, ஜெர்மனியில் சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் வானிலை அறிக்கை படித்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திடுக்கிடக்கூடத் தெரியாத ஜனங்கள் என்று இவர்களை நினைத்திருந்தேனே!

"சரி, வளைவு கிடையாதுன்னு சொல்லத்தானே வந்த? சொல்லிட்டுப் போ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு பேர் நிக்கணும்" என்றாள் வில்லெமீன். "நீ போட்ட சட்டம். நான் போட்டதில்ல."

பட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். காபியைத் தொடவில்லை. இரண்டு பிஸ்கட் வைத்திருந்தேன், அதையும் தொடவில்லை.

பதினாலாம் தேதி காலையில் நான் விசேஷ உடுப்பு எதுவும் போடவில்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்திருந்தும் ஒருத்திக்கு வேண்டிய அளவுக்கு மேலே உரித்துவிட்டேன். பத்து மணிக்கு வாசலில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஆணி. பிறகு யோப் யாரையோ திட்டும் சத்தம். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. கேலி செய்யத்தான் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எண் பலகைக்குப் பதிலாகப் பஸ் நம்பர் மாட்டியிருப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன மாட்டியிருப்பேன் என்று யோசித்ததில்தான் இவ்வளவும் தோன்றியது.

மணி அடித்தது. திறக்காமல் இருக்க முடியாது. எங்கள் வீடுகளில் பகலில் ஜன்னல் திரையை மூடும் வழக்கமில்லை, நான் உள்ளே இருப்பது நடைபாதைவரை தெரியும்.

திறந்தேன். தெரு முழுக்க நின்றது. தலைக்கு மேலே பச்சைக் கிளைகள், அவற்றின்மேல் தோரணம். யோப் வீட்டு நீலக் கட்டம், என் பச்சைப் பூ, டோஸின் சாயம் ஒழுகிய வெள்ளைக் கோட்டிலிருந்து இளஞ்சிவப்புக் கறையோடு பட்டைகள், ஃபென்னாவின் கோதுமை மாவு நிறத் துணி, இடையிடையே சிவப்பு ரிப்பன். காற்று வந்தபோது எல்லாம் சேர்ந்து அசைந்தன. உச்சியில் பலகை, அதில் இருபத்தைந்து என்றே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள், அதுவும் ஒழுங்காக வரவில்லை.

நான் ஏப்ரனோடு, கையில் உருளைக்கிழங்குக் கத்தியோடு நின்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் ஒரு காலைப் பின்னால் எடுத்தேன்.

அப்போது வில்லெமீன் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். நல்ல கோட், நல்ல செருப்பு, உதட்டில் சாயம். தலைமுடியைக் கடையில் போய்ச் சுருட்டியிருந்தாள். மூன்று படியும் ஏறி என் பக்கத்தில் வந்து நின்று, இடுப்பால் ஓர் இடி இடித்தாள்.

"தள்ளு."

"என்னடி பண்ற?"

"ரெண்டு பேர் நிக்கணும்ல? பாதி வளைவு என்னோடது. பதினோரு வருஷம் இந்த ஸ்டாப்புல நின்னேன், இன்னிக்குத்தான் பஸ் வந்திருக்கு. கத்தியக் கீழ போடு, என்னைக் குத்தப்போற மாதிரி இருக்கு."

கத்தியை ஏப்ரன் பையில் போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவள் எனக்காக இரக்கப்பட்டு வரவில்லை. நான் பறித்து வைத்திருந்த அவளுடைய நாளை எடுத்துக்கொள்ள வந்திருந்தாள், கூட எனக்கும் நிற்க இடம் கொடுத்தாள்.

"வில்லெமீன், அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியும். போட்டோவுக்கு வாயை மூடு. மூக்கத் துடை, ஏற்கெனவே பெரிசு."

யோப் போட்டோ எடுத்தார். இரண்டு தடவை கட்டைவிரலைத்தான் எடுத்தார், மூன்றாவதில்தான் நாங்கள் படத்தில் விழுந்தோம். பிறகு ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபென்னா முன்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. நூறு மணி நேரம் முடிச்சுப் போட்டிருப்பாள்.

"டீனி, தோரணம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அடி விழப்போகிறது என்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். பார்த்த உடனேயே வாயில் பதில் தயாராக வந்துவிட்டது, அது எப்போதும் அப்படித்தான் வரும். அதை விழுங்கினேன். ஹேங்கர்கள் மட்டும் தொங்கும் அலமாரி ஞாபகத்துக்கு வந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

"என்ன சொன்னா?" என்று காது கொஞ்சம் மந்தமான யோப் கேட்டார்.

"நல்லா இருக்காம்" என்றாள் டோஸ்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்றாள் வில்லெமீன்.

பிறகு எல்லாரும் உள்ளே வந்து, நான் ஜூனில் வாங்கி வைத்திருந்த, கூழ் மாதிரி கெட்டியான முட்டை மதுவைக் கரண்டியால் வழித்துத் தின்றார்கள், பிஸ்கட் டப்பா காலியாகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் மூன்றாவது முடிச்சு தளர்வாகத்தான் இருந்தது. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.